திண்ணை வரைக்கும்: வைசியாள் தெருவில் ஒரு சின்னக் குழு செய்ததும் செய்யாமல் விட்டதும்

பாண்டிச்சேரி என்று இணையத்தில் படம் தேடிப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே படம்தான் வரும். மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மேலே காகிதப்பூ, கீழே சாய்த்து வைத்த ஒரு சைக்கிள். அந்தச் சுவர் இருப்பது ஊரின் கடற்கரைப் பக்கம். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் இன்னொரு ஊர் இருக்கிறது. பாண்டிச்சேரி போய்வந்த என் நண்பர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனது சாப்பிடவும் துணி எடுக்கவும் மட்டும்தான்.

அந்த மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தெருவைப் பற்றியது இந்தக் கட்டுரை. அரசுப் பெயர்ப்பலகையில் கால்வே சுப்பராயச் செட்டித் தெரு. ஊர் வழக்கில் வைசியாள் தெரு. 2000-களின் தொடக்கத்தில் இன்டாக் அமைப்பின் புதுச்சேரி அலுவலகம், அதாவது சில கட்டடக் கலைஞர்களும் சில கொத்தனார்களும் கொண்ட ஒரு சின்னக் குழு, இந்தத் தெருவின் ஒரு பகுதியில் அடுத்தடுத்த வீடுகளின் முகப்பைச் சீரமைத்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அந்த வேலைக்குக் கிடைத்தது. அதற்கு அப்புறம் அந்த வேலையைப் பற்றி வந்தவற்றில் நான் படித்தது பெரும்பாலும் பாராட்டு. விருது கிடைத்ததைச் சொல்லி, இரண்டு படம் போட்டு, முடித்துவிடுகிறார்கள். வேலை நல்ல வேலையா, எந்த விதத்தில் நல்லது, எங்கே கைவிட்டது என்று யாரும் உட்கார்ந்து பேசின மாதிரித் தெரியவில்லை.

நான் கட்டடக் கலைஞன் இல்லை. படித்தது பி.இ., பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. ஆனா இந்தக் கேள்வி எனக்கு வெறும் ஆர்வமாக மட்டும் இல்லை. கடலூர் பக்கம் எங்கள் பாட்டி வீடு ஒன்று இருக்கிறது. திண்ணை, முற்றம், மரத்தூண் எல்லாம் உள்ள வீடு. அதை என்ன செய்வது என்று மூன்று வருடமாகக் குடும்பத்தில் பேச்சு ஓடுகிறது. அதனால்தான் இந்தத் தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போனேன். யாராவது இதைச் சரியாகச் செய்திருக்கிறார்களா என்று பார்க்க.

ஊரின் கோடுகள்

முதலில் கொஞ்சம் வரலாறு. பாண்டிச்சேரியின் நேர்க்கோட்டுத் தெருக்களைப் பிரெஞ்சுக்காரர்கள் போட்டதாகத்தான் பொதுவாகச் சொல்லுவோம். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். கட்டம் கட்டமான தெருத் திட்டம் அவர்கள் காலத்து வரைபடத்தில்தான் தோன்றுகிறது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்ப வந்தபோது பழைய தெருக்கோடுகளின் மேலேயே மறுபடியும் கட்டினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஊரே ஒருமுறை இடிந்து, அதே கோட்டில் திரும்ப எழுந்த ஊர். இன்று நாம் "பழசு" என்று பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த மறுகட்டுமானத்துக்குப் பின்னால் வந்தவை. "அசல் எது" என்ற கேள்வி இங்கே கேட்பதற்கு முன்னாலேயே சிக்கலாகிவிடுகிறது. இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்ப வருவேன்.

மாடி ஒரு மொழி, கீழ்த்தளம் ஒரு மொழி

வாய்க்காலுக்குக் கிழக்கே வீடு தெருவுக்கு முதுகு காட்டும். உயரமான மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், அதற்கும் உள்ளே வீடு. மேற்கே வந்தால் வீடு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். மதில் கிடையாது. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும். தெருவை ஒட்டி மேடை, அதன் மேலே மரக்கால்களில் நிற்கும் ஓட்டுச் சாய்ப்பு. இது தாழ்வாரம். அதை அடுத்து உள்வாங்கிய இடத்தில் தூண்களோடு திண்ணை. அப்புறம்தான் கதவு. கதவைத் தாண்டி நடை, நடையைத் தாண்டி முற்றம்.

தாழ்வாரத்தில் வழிப்போக்கன் கேட்காமல் ஒதுங்கலாம். திண்ணையில் தெரிந்தவர் உட்காரலாம். கதவைத் தாண்ட அழைப்பு வேண்டும். யார் எதுவரை வரலாம் என்பதில் சாதிக் கணக்கும் உண்டு. அதை மறைத்துவிட்டுத் திண்ணையைப் பற்றி உருகுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் தனியாருக்குச் சொந்தமான ஓர் இடத்தைத் தெருவுக்குக் கொடுத்துவைக்கும் இந்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. அதை மறுக்க முடியாது.

இப்போது அதே வீட்டின் மாடியைப் பாருங்கள். வளைவு வைத்த சன்னல், மரச்சட்டங்கள் சரிந்து அடுக்கிய சன்னல்கதவு, சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், உச்சியில் உருளைக் கால்கள் வைத்த கைப்பிடிச் சுவர். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு. ஆனந்தரங்கம் பிள்ளையின் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய அதே பிள்ளை. பதினெட்டாம் நூற்றாண்டின் அந்த வீட்டிலும் கீழே மரத்தூணும் முற்றமும், மேலே ஐரோப்பியத் தூண்களும்.

எனக்கு இதில் பிடித்தது, கலப்பு நடந்த விதம். காசு சேர்ந்த வணிகர் மாடி கட்டும்போது புதுப் பாணியை எடுத்துக்கொண்டார். ஆனா தெருவோடு பேசும் இடத்தை மாற்றவில்லை. மாடி அவருடைய அந்தஸ்தைச் சொன்னது. கீழ்த்தளம் அவர் அந்தத் தெருக்காரர் என்பதைச் சொன்னது.

இந்தக் கலப்பை ஒரு முழுத் தெருவாகக் காட்டியதுதான் குழுவின் முதல் சாதனை. தனித்தனியாக நின்றால் இந்த வீடுகளில் பல சுமாரானவை. ஒரு அரண்மனையோ கோயிலோ போல நின்று பார்க்க வைக்காது. வரிசையாக நிற்கும்போது, தாழ்வாரத்தின் ஓட்டு விளிம்பு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓடும்போதுதான் அதன் மதிப்பு தெரியும். நினைவுச் சின்னங்களைக் காக்கும் நம் சட்டம், 1958-ஆம் ஆண்டின் சட்டம், தனிக் கட்டடங்களையும் தொல்லியல் இடங்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. நாடு முழுவதும் மத்திய அரசின் பாதுகாப்பில் இருப்பவை சுமார் 3,700 சின்னங்கள். வைசியாள் தெரு மாதிரி மக்கள் குடியிருக்கும் ஒரு தெரு அந்த வலையில் விழவே விழாது. குழு 1990-களில் ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தது இதனால்தான். அரசாங்கம் எண்ணாததை அவர்கள் எண்ணினார்கள். அந்தப் பட்டியலில் இருந்த நூற்றுக்கணக்கான கட்டடங்கள் இன்று இல்லை. இல்லை என்று நம்மால் சொல்ல முடிவதே அந்தப் பட்டியல் இருப்பதால்தான்.

என் முதல் புகார்

வைசியாள் தெரு வேலைக்குப் பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் என்ற திட்டத்தின் வழியாக வந்தது. புதுச்சேரி நகராட்சியோடு பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ, இத்தாலியின் ஊர்பினோ நகரங்கள் கூட்டு. மரபைக் காப்பது ஊரின் பொருளாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் உதவும் என்று செய்து காட்டுவது நோக்கம். செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களும் போட்டார்கள். வேலை நடந்தது முகப்பில்.

முதல் முறை போனபோது இதுதான் என்னை உறுத்தியது. முகப்பு மட்டும் என்றால்? எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருபது வருடப் பழைய கோட் முனகிக்கொண்டு இருக்கும். அதைத் தொட பயம். அதனால் மேலே புதுத் திரை ஒன்றைப் போட்டு, வண்ணம் மாற்றி, "நவீனப்படுத்திவிட்டோம்" என்று வாடிக்கையாளருக்குக் காட்டுவோம். இதுவும் அதுதானே? உள்ளே முற்றம் மூடப்பட்டிருக்கலாம், உத்திரம் செல்லரித்திருக்கலாம். தெருவில் நடக்கிற வெளியூர்க்காரன் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதுமா? முதல் வரைவில் இதைத்தான் காரமாக எழுதி வைத்திருந்தேன்.

இரண்டாம் மூன்றாம் முறை போனபோது அந்தக் காரம் குறைந்தது. காரணம், மேலே சொன்ன திண்ணைக் கணக்கு. இந்த வகை வீட்டில் முகப்பு என்பது மேல்பூச்சு அல்ல. தாழ்வாரமும் திண்ணையும் ஆள் உட்காரும் இடங்கள். வீட்டின் சொத்துப் பத்திரத்தில் இருந்தாலும் பயன்பாட்டில் பாதி தெருவுக்குச் சொந்தமானவை. பொதுப் பணத்தை ஒரு தனியார் வீட்டில் செலவழிக்க வேண்டும் என்றால், எந்த இடம் வரை செலவழிக்கலாம்? கதவு வரைக்கும். அதைத் தாண்டினால் அது குடும்பத்தின் வசதி, குடும்பத்தின் விருப்பம், குடும்பத்தின் செலவு. சமையலறையில் கிரானைட் போடுவதா வேண்டாமா என்று சொல்ல எந்தக் குழுவுக்கும் உரிமை இல்லை.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில் குழுவின் தீர்ப்பு சரி என்றே இப்போது நினைக்கிறேன். கிழக்குப் பகுதியில் இதையே செய்திருந்தால் அது வெறும் மதில் சுவருக்கு வண்ணம் அடிப்பதாக முடிந்திருக்கும்.

ஆனால் இந்த வகை வேலையில் ஒரு சங்கடம் உண்டு. வரிசையின் நடுவே 1980-களின் கான்கிரீட் வீடு ஒன்று வந்துவிடும். அதற்கும் ஒரு ஓட்டுச் சாய்ப்பு மாட்டி வரிசையை நிறைப்பதா, அப்படியே விடுவதா? மாட்டினால் தெரு சேர்ந்துவிடும், ஆனா அந்த வீட்டின் வரலாறு பொய்யாகும். என் கட்சி: சாய்ப்பு வரலாம், நிழல் எல்லோருக்கும் வேண்டும். ஆனா மாடியில் போலி அரைத்தூணும் வளைவும் வரக் கூடாது. நிழல் ஒரு பயன், அரைத்தூண் ஒரு உரிமைகோரல். முன்னதைப் புதிதாகத் தரலாம். பின்னதைப் புதிதாகத் தந்தால் அது நாடக மேடைத் தட்டி.

சுண்ணாம்பு

குழுவின் வேலையில் படத்தில் தெரியாத பகுதி இது. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

பழைய பாண்டிச்சேரி வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களை நெருக்கமாக வைத்து, அதன் மேல் அச்சுக்கல் என்கிற சின்ன மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்போடு அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பாவுவார்கள். சுண்ணாம்பில் ஊறவைத்த கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும். அரைப்பதற்கும் புளிக்க வைப்பதற்கும் நாள் கணக்கு உண்டு. அவசரம் ஆகாது.

தரையிலிருந்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். கடற்கரை ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், காற்றில் காய்ந்துபோகும். சிமெண்ட் பூச்சு விடாது. வழி அடைபட்ட ஈரம் இன்னும் உயரம் ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, விரிந்து, பூச்சைத் தள்ளும், செங்கல்லையும் மாவாக்கும்.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னாடியே பாட்டி வீட்டில் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம். 2009-இல் "நல்லா ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று முன்பக்கச் சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசினோம். காண்ட்ராக்டரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்டது நாங்கள். நாலு மழைக்காலம் தாங்கியது. அப்புறம் இடுப்பு உயரத்தில் உப்பு பூக்க ஆரம்பித்தது, பிறகு தோள் உயரத்தில். போன வருடம் ஒரு வயசான கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கரண்டியின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். டொக்கு டொக்கு என்று வெறும் சத்தம்.

"தம்பி, பூச்சு தனியா நிக்குது, செவுரு தனியா நிக்குது. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல" என்றார்.

"எடுத்துட்டுச் சுண்ணாம்பு பூசினா சரியாகுமாண்ணே?"

"ஆவும். ஆனா பூசுற ஆளு வேணும்ல? எனக்குக் கை வராது இப்ப. எம்புள்ளைக்கு சிமெண்ட்டு தவிர ஒண்ணும் தெரியாது."

இந்தப் பதிலில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. வடிவத்தை வரைபடமாகக் காப்பாற்றிவிடலாம். கைப்பழக்கத்தை அப்படிக் காப்பாற்ற முடியாது. வேலை இருந்தால்தான் அது இருக்கும். ஒரு குழு வருடத்துக்குச் சில வீடுகளிலாவது சுண்ணாம்பு வேலை கொடுத்துக்கொண்டே இருப்பது, அந்த வீடுகளைவிடப் பெரிய காரியம். வைசியாள் தெருவில் பூசிய முகப்பு இன்னும் முப்பது வருடத்தில் மறுபடியும் பூச வேண்டி வரும். அன்றைக்குப் பூசத் தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பாரா என்பதுதான் இந்த வேலையின் உண்மையான அளவுகோல். விருது கொடுத்தவர்களின் கண் இதில் எவ்வளவு பட்டதோ, சுற்றுலாக் கட்டுரைகளின் கண் இதில் படவே இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம்

சரி, கதவு வரைக்கும் குழு செய்தது சரி என்றேன். கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது? இங்கேதான் என் இரண்டாவது புகார். இது குழுவின் மேல் பாதி, நம் ஏற்பாடுகளின் மேல் பாதி.

இந்த வீடுகளைத் தின்பது மழையைவிட அதிகமாகப் பாகப்பிரிவினை. கூட்டுக் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு. நாலு பிள்ளைகள், பன்னிரண்டு பேரப்பிள்ளைகள், அதில் பாதிப் பேர் வெளிநாட்டில். ஒருவர் மட்டும் குடியிருந்து செலவழிக்க மற்றவர்கள் பங்குக்காகக் காத்திருக்கும் வீட்டில் யார் தட்டோடு மாற்றுவார்? முற்றம் வைத்த வீட்டைக் குறுக்கே சுவர் எழுப்பி இரண்டாக்கினால் இரண்டு பாதியும் இருட்டு. இடித்து நாலு மாடி கட்டினால் ஆளுக்கொரு தளம், வழக்கு முடிந்தது. முகப்புச் செலவில் பங்கு தருகிறேன் என்பது, மனை விலைக்கு முன்னால் ரொம்பச் சின்னத் தொகை.

வேறு வழி விடுதி. பெருமாள் கோயில் தெருவில் மேசோன் பெருமாள் என்ற பெயரில் ஒரு பழைய தமிழ் வீடு விடுதியாக நடக்கிறது. வீடு பிழைத்துவிட்டது. முற்றம் முற்றமாகவே இருக்கிறது. இதை ஏளனம் செய்வது சுலபம், நான் செய்யமாட்டேன். இடிந்த வீட்டைவிட விருந்தாளி தங்கும் வீடு ஆயிரம் மடங்கு மேல். ஆனா ஒரு தெருவில் எத்தனை விடுதிகள் தாங்கும்? எல்லா வீடும் விடுதியானால் தாழ்வாரத்தில் ஒதுங்க வருகிறவன் யார்? இப்போதே பல திண்ணைகளுக்குக் கம்பிக் கதவு போட்டாயிற்று, பல தாழ்வாரங்களில் பைக்குகள் நிற்கின்றன. திண்ணை இருக்கிறது, திண்ணைப் பழக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

குழு செய்திருக்கக் கூடியது ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். முகப்பைச் சீரமைத்த கையோடு, வருடாந்திரப் பராமரிப்புக்கு ஒரு சின்ன ஏற்பாடு. மழைக்கு முன்னால் மாடி கூட்ட, தூம்பு அடைப்பு எடுக்க, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க, உடைந்த ஓட்டை மாற்ற, தெருவுக்கு ஒரு ஆள். எங்கள் தொழிலில் மென்பொருளை எழுதும் செலவைவிடப் பராமரிக்கும் செலவு பல மடங்கு என்பது முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். திட்ட நிதி எப்போதும் எழுதுவதற்குத்தான் வரும், பராமரிப்புக்கு வராது. வெளிநாட்டு நிதியில் ஓடும் திட்டத்துக்கு முடியும் தேதி உண்டு. அரசங்கன்றுக்கு அந்தத் தேதி தெரியாது.

இன்னொரு பக்கம்: மேரி கட்டடம்

"தனியார் வீடு என்பதால்தான் இந்தத் தொல்லை. அரசாங்கக் கட்டடமாக இருந்தால் காப்பாற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால், அவர்களைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

பத்திரிகைகள் மேரி கட்டடம் என்று எழுதும். மேரி என்பது ஆள் பெயர் இல்லை. பிரெஞ்சில் நகர மன்றத்துக்கு உள்ள சொல். 1870-71 வாக்கில் கட்டியது. கடலைப் பார்த்த நீண்ட வெள்ளை முகப்பு. பாகப்பிரிவினை கிடையாது, வாரிசுச் சண்டை கிடையாது, மனையை விற்கும் ஆசை கிடையாது. உரிமையாளர் ஒருவர்தான், அது அரசு. அந்தக் கட்டடத்தின் முக்கியத்துவத்தைச் சந்தேகப்பட்டவரும் யாரும் இல்லை. 2014 நவம்பர் 29 அன்று மழையில் அது இடிந்து விழுந்தது.

மெட்ராஸ் டெரஸ் கட்டடம் எப்படிச் சாகும் என்பது தெரிந்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பொதுவாக நடப்பது இதுதான். தளத்தில் விரிசல் விழும், தூம்பு அடைபடும். தண்ணீர் சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் முனைக்குப் போகும். அந்த முனை சுவருக்குள் இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நடுவில் உத்திரம் இரும்பு மாதிரி இருக்கும், நுனியில் பஞ்சாகியிருக்கும். ஒரு நாள் தளம் இறங்கும், அது சுவரையும் இழுத்துக்கொண்டு போகும். பராமரிப்பு என்பது இந்த நுனியைப் பற்றிய கவலைதான். பெரிய நிபுணத்துவம் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறும் ஒருவர் போதும்.

அப்புறம் உலக வங்கி உதவியோடு, கடலோரப் பேரிடர் தணிப்புத் திட்டத்தின் கீழ், சுமார் 15 கோடி ரூபாய்ச் செலவில் அதே தோற்றத்தில் மறுபடியும் கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் திறந்துவைத்தார். இன்று கடற்கரையில் நடந்தால் பழைய படத்தில் இருந்த அதே கட்டடம் நிற்கிறது. அல்லது, நிற்கிற மாதிரி இருக்கிறது.

இரண்டு சாசனம்

இது மரபா, நகலா? துறைக்காரர்கள் இதை இரண்டு ஆவணங்களை வைத்துப் பேசுவார்கள். 1964-இன் வெனிஸ் சாசனம் ஒன்று. அதன் சாரம்: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நின்றுவிட வேண்டும்; புதிதாகச் சேர்த்தது முழுமையோடு பொருந்த வேண்டும், ஆனா புதிது என்று அடையாளம் தெரிய வேண்டும். இன்னொன்று 2004-இல் இன்டாக் தானே கொண்டுவந்த சாசனம். சட்டப் பாதுகாப்பு இல்லாத மரபுக் கட்டடங்களுக்கானது. அது வேறு பக்கம் சாய்கிறது. இந்தியாவில் கட்டும் மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது, ஸ்தபதிகளும் கொத்தனார்களும் இருக்கிறார்கள், அவர்கள் கையால் மறுபடியும் கட்டுவதும் ஒரு வகைப் பாதுகாப்புதான் என்பது அதன் வாதம்.

எனக்கு இரண்டாவது சாசனத்தின் மேல் மரியாதை உண்டு. கோயில் குடமுழுக்கு பார்த்து வளர்ந்த நமக்கு, உடைந்ததை உடைந்தபடியே வைத்துப் பூஜிப்பது அந்நியமாகத்தான் படும். ஆனா அந்த வாதத்தின் உயிர் "அவர்கள் கையால்" என்ற இடத்தில் இருக்கிறது. கட்டும் கை தொடர்ந்தால் மறுகட்டுமானம் மரபின் தொடர்ச்சி. கை அறுந்து வடிவம் மட்டும் தொடர்ந்தால் அது படத்தைப் பார்த்துச் செய்த படம். வைசியாள் தெருவும் மேரி கட்டடமும் கண்ணுக்கு ஒரே மாதிரி "மீட்கப்பட்டவை". இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. முதலாவதில் சுமாரான பழைய வீடு தன் செங்கல்லோடு நிற்கிறது. இரண்டாவதில் அருமையான பழைய கட்டடத்தின் உருவம் நிற்கிறது.

மேரியை மறுபடியும் கட்டியிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1765-இல் இந்த ஊரே அப்படித்தான் திரும்ப எழுந்தது. கடற்கரையில் அந்த இடம் காலியாக இருப்பதைவிட இது மேல். என் கோரிக்கை சின்னது. இப்படிப்பட்ட எந்தக் கட்டடத்தின் வாசலிலும் மூன்று வருடங்களும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்: கட்டியது 1870 வாக்கில், விழுந்தது 2014, மீண்டும் திறந்தது 2021. நடுவில் இருக்கும் வருடம்தான் முக்கியம். அதை எழுதாவிட்டால், கோடில் பழைய கமிட்டின் தேதியைத் திருத்திவைப்பது மாதிரி. பார்க்கிறவர் எதுவுமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். அடுத்த கட்டடம் விழும்போது "திரும்பக் கட்டிக்கலாம், மேரிய கட்டினோம்ல" என்ற நிம்மதியும் வந்துவிடும்.

கணக்கை முடித்தால்

வைசியாள் தெரு வேலையை மூன்று வரியில் மதிப்பிடச் சொன்னால் இப்படிச் சொல்வேன். எதைக் காப்பது என்று தேர்ந்தெடுத்ததில் முழு மதிப்பெண்: பிரெஞ்சு மதிலுக்குக் கூட்டம் சேர்ந்த ஊரில் தமிழ்த் தாழ்வாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒற்றை வீட்டை விட்டுவிட்டுத் தெருவைத் தேர்ந்தெடுத்தார்கள். எப்படிக் காப்பது என்பதில் நல்ல மதிப்பெண்: சுண்ணாம்பைக் கைவிடவில்லை, வீட்டுக்காரரை விலக்கவில்லை. எவ்வளவு நாள் காப்பது என்பதில் தேறவில்லை. அதில் அவர்கள் தனியாகத் தோற்கவும் இல்லை. சட்டமோ வரிச்சலுகையோ பின்னால் வராமல், பேசிப் பேசி இணங்க வைப்பதை மட்டுமே ஆயுதமாக வைத்திருக்கும் ஒரு சின்னக் குழு இவ்வளவு தூரம் போனதே பெரிசு.

பாட்டி வீட்டு விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இன்னும் முடியவில்லை. சித்தப்பா விற்கலாம் என்கிறார், அவர் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. வீட்டை முழுசாக மீட்க என்னிடம் பணம் இல்லை. வைசியாள் தெருவிலிருந்து நான் எடுத்துக்கொண்டது கோடு எங்கே போடுவது என்பதை. இந்தப் பங்குனியில் முன்பக்கச் சிமெண்ட் பூச்சை மட்டும் உரித்து, திண்ணை வரைக்கும் சுண்ணாம்பு பூசுவதாகச் சித்தப்பாவிடம் கெஞ்சி ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். செலவு என்னுடையது. அந்தக் கொத்தனார் தான் பூச முடியாது, ஆனா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மகனுக்குச் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடுக்காய் எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். "வாங்கி வை, கணக்கு நேர்ல பாத்துக்கலாம்" என்றார்.

அதற்கு முன்னாடி, வர்ற ஐப்பசிக்கு முன், மாடி ஏறித் தூம்பு அடைப்பை எடுக்கணும்.